மூன்றாவது கேள்வி

ஆம்பூர்
1927 ஜூலை 4, திங்கட்கிழமை, காலை 6 மணி 10 நிமிஷம்.
நேற்றுக் கல் தளத்தில் விரித்த தோல் 240. இன்று கறை கண்டது 17.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். நீயும் சுகம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே எழுதிய பதினேழுதான் இப்போது என் தலைவலி. ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் கடுக்காய்த் தொட்டியிலும் ஊறி முடிந்த தோலைத் தளத்தில் விரித்து எண்ணெய் தடவுகிறோம். விரிக்கும்போது பழுதில்லாத தோல். மறுநாள் தூக்கினால் கருநீலமாகக் கட்டை விரல் நகம் அளவுக்குக் கறை. ஒரு தோலில் ஒன்று, சிலதில் மூன்று. நான் இந்தத் தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்து பத்து மாசம். அதற்கு முன் இப்படி வந்ததில்லை என்கிறார் முதலாளி நயீம் அகமது சாயபு. பட்டணத்துத் தோல் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கியவன் இந்த ஊர் ஷாப்புகளில் நான் ஒருத்தன்தான். கண்டுபிடிக்காமல் விடுவேனா?

இங்கே எனக்கு நடக்கிற மரியாதையை நீ பார்க்க வேண்டும். தளத்து ஓரத்தில் எனக்கென்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். நூற்றுப் பத்துப் பேரில் பூட்ஸ் போட்டவன் நான் மட்டும். ஓசை கேட்டதுமே 'கெமிஸ்ட் அய்யா வர்றாரு' என்று பேச்சு நிற்கிறது.

இதற்கு நடுவில் பட்டணத்திலிருந்து ஒரு கடிதம். ஒரு பெரிய தோல் கம்பெனி. ரசாயனச் சாலையில் ஏற்கெனவே எட்டுப் பேர், நான் போனால் ஒன்பதாவது அசிஸ்டெண்ட். நவம்பர் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கேள்விகள்:

ஒன்று, நான் போகலாமா? இரண்டு, பலரில் ஒருத்தியாக இருப்பது உனக்கு எப்படி இருக்கிறது? மூன்று, விரிஞ்சிபுரத்துக்கு நீ ஒருத்திதான் மருத்துவம் படித்த தாதி. ராணி மாதிரி இருந்தாய். வழியனுப்ப ஊரே ஸ்டேஷனுக்கு வந்தது. அதை விட்டுவிட்டு ஏன் போனாய்?

வளவளப்பு வேண்டாம். வரிசையாகப் பதில் எழுது.

உன் தம்பி,
கனகராஜ்


சேசு மரி சூசை துணை

சென்னைப் பட்டணம், நர்ஸ் விடுதி
19-7-27

என் பிரியமுள்ள தம்பி கனகுவுக்கு அக்காள் சவுரியம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் சுகமாயிருக்கிறேன். நீ கடிதத்தின் தலையில் சாமி பெயர் எழுதாமல் தோல் கணக்கு எழுதுகிறாய். அம்மாவிடம் சொல்லாதே, அழும். முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். இங்கே நாற்பத்தெட்டு நர்ஸ்கள். என் பெயரைச் சரியாகச் சொல்கிறவர்கள் ஆறு பேர் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். மேட்ரனம்மா ஒவ்வொரு விரலாகத் திருப்பி நகம் பார்ப்பாள். நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. பிறகு வார்டு. கட்டு இறுக்கமென்று ஒருத்தி சொல்வாள், தளர்வென்று இன்னொருத்தி சொல்வாள். நேற்று மட்டும் என்னைப் பதினோரு தடவை திருத்தினார்கள். உன்னிடமிருந்து தொத்திக்கொண்டதுதான், நானும் எண்ணினேன்.

முதல் கேள்விக்கு நான் என்ன சொல்ல? நீ படித்தவன்.

உன் கறை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்கும் இது பழக்கம். ஒரு படுக்கையில் ஜுரம் வந்தால் மருந்துக்கு முன்னால் எப்போது, எந்தப் பக்கம், யார் இருந்தபோது என்று கேட்போம். அது என்ன வடிவம்? தோலில் எந்தப் பக்கம்? கறை வராத நாள் உண்டா?

வேளா வேளைக்குச் சாப்பிடு. பூட்ஸ் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகாதே.

அக்காள்,
சவுரியம்மாள்


ஆம்பூர்
1927 ஆகஸ்ட் 2, செவ்வாய், பகல் 1 மணி. விரித்தது 210. கறை 15.

அக்கா,

சுகம், சுகம். வேப்பெண்ணெய் நாற்றம் வீடு முழுக்க.

நீ கேட்டது நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் போனேன். வடிவம்: முழு வட்டம் இல்லை, வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி வளைவு. பக்கம்: முடி இருந்த பக்கம், அதாவது தரையில் படுகிற பக்கம். காரணம் இரும்பு. இதில் சந்தேகமே இல்லை. அப்பா கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணி போட்டு மை காய்ச்சுவாரே, அதேதான். கடுக்காய்ச் சாறு குடித்த தோலில் இரும்பு பட்டால் தோலுக்குள்ளேயே மை உண்டாகிவிடுகிறது.

சரி, இரும்பு எங்கிருந்து வருகிறது? பட்டணத்திலிருந்து மஞ்சள் பிரசியேட் என்ற உப்பு வரவழைத்தேன். அதன் கரைசல், அமிலச் சொட்டோடு, இரும்பைத் தொட்டால் நீலமாகும். பாலாற்றுத் தண்ணீர், நீலம் இல்லை. பட்டை இல்லை. எண்ணெய் இல்லை. தோல் சீவும் கத்தி இந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை. தினமும் பூங்காவனம் என்கிறவள் தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறாள். கழுவியது சரிதானா என்று நானே மூலைக்கு மூலை நடந்து பார்க்கிறேன். அதன் பிறகுதான் அவள் புருஷன் வேலு தோலை விரிப்பான். இதைவிட ஜாக்கிரதை உலகத்தில் கிடையாது.

கறை வராத நாள் உண்டா என்றாய். உண்டு. ஜூலை 21, 23, 24. நடுவில் வெள்ளிக்கிழமை லீவு. அந்த மூன்று நாளும் நான் ஜுரத்தில் படுத்திருந்தேன். 0, 0, 0. இதிலிருந்து என்ன தெரிகிறது? எனக்குக் கெட்ட பெயர் வர வேண்டுமென்று யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். நான் இல்லாத நாளில் செய்து அவர்களுக்கு என்ன லாபம்?

வேலு மணிக்கட்டில் இரும்புக் காப்பு போட்டிருக்கிறான். வளைவான இரும்பு. இன்னும் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. மறந்திருப்பாய். ஞாபகப்படுத்துகிறேன்.

கனகராஜ்


சேசு மரி சூசை துணை

சென்னை, 20-8-27

பிரியமுள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். உனக்கு ஜுரம் வந்ததையே கறைக் கணக்கோடு எழுதுகிறாயே. எத்தனை டிகிரி, யார் கஞ்சி வைத்தது, ஒன்றுமில்லை.

மைக் கதை நன்றாயிருந்தது. எங்கள் வார்டில் ஒரு மலையாளத்துப் பெண் இருக்கிறாள், அவளுக்கும் சொன்னேன். கைதட்டிச் சிரித்தாள்.

வேலுவைப் பற்றி அவசரப்படாதே. இரும்புக் காப்பை யாரும் அழகுக்குப் போடுவதில்லை. எதற்குப் போட்டான் என்று கேட்டாயா? காப்பு கையில் இருக்கிறது, கறை தரைப் பக்கம் இருக்கிறது. அது எப்படி?

இன்னொன்று. அந்த மூன்று நாளும் நீதான் இல்லை. வேலு வந்தானா?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றது பிறகு.

அம்மாவுக்கு என் முத்தம். உனக்கு ஆசீர்வாதம்.

சவுரியம்மாள்


ஆம்பூர்
1927 செப்டம்பர் 6, செவ்வாய், காலை 7 மணி.

அக்கா,

எல்லோரும் சுகம்.

வேலுவை ஆகஸ்ட் 27-ம் தேதி நிறுத்தியாகிவிட்டது. நான் எழுதிக்கொடுத்தேன், சாயபு கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் நியாயமாகத்தான் நடந்தேன். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"காப்பைக் கழட்டிட்டு வேலை செய்."

"முடியாதுங்க அய்யா. அது கொழந்தைக்காக வேண்டிக்கிட்டது. மூணு தவறி நாலாவது தங்கிச்சு. அதுக்கு அஞ்சு வயசு ஆவற வரைக்கும் கழட்டக்கூடாது."

"தோலு கெட்டுப்போவுதே, அதுக்கு இன்னா சொல்ற?"

"என் கையி தோலு மேல படுது. கறை அடியில இல்ல இருக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா, நான் பட்டயம் வாங்கியவன். தோல் விரிக்கிறவன் என்னைக் கேள்வி கேட்டு, தளமே சிரித்தால் பிறகு அங்கே என் நாற்காலிக்கு என்ன அர்த்தம்? நீயும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தாய், அது வேறு எரிச்சல்.

சாயபு தயங்கினார். "அரே கனகராஜ், பதினாலு வருஷத்து ஆளுப்பா. பேஜார் பண்ணாதே" என்றார். "அப்போ கறைக்கு நான் பொறுப்பில்லை" என்றேன். அடங்கிவிட்டார். மேல்விஷாரத்தில் அவர் தம்பி ஷாப்பையும் என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். அங்கேயும் நாற்காலி. பட்டணத்தில் ஒன்பதாவது ஆளாய்க் கண்ணாடிக் குழாய் கழுவுவதா, இங்கே இரண்டு ஷாப்புக்கும் முதல் ஆளாய் இருப்பதா?

மூன்று நாளும் வேலு வந்தானா என்றாய். வந்தான். அதனால் என்ன?

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை, நீ கேட்பதற்கு மட்டும் நான் சொல்ல வேண்டும். விரிஞ்சிபுரத்தை ஏன் விட்டாய்? ரொம்ப சாதாரணக் கேள்வி.

கனகராஜ்


சேசு மரி சூசை துணை

சென்னை, 25-9-27

பிரியமுள்ள தம்பிக்கு,

சுகம். மழை ஆரம்பித்துவிட்டது. வார்டில் துணி காயவில்லை.

உன் கடிதத்தில் தேதி இருந்தது, மணி இருந்தது. எத்தனை தோல், எத்தனை கறை என்பது இல்லை. வேலு போய் ஒரு மாசம் ஆகிறது. கறை நின்றதா?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் எங்கள் வார்டில் பிள்ளை பெற்ற நாலு பேருக்கு அடுத்தடுத்து ஜுரம். யாரிடமிருந்து தொற்றுகிறது என்று பார்க்க எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். கூட்டுகிறவளிலிருந்து ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். பெரிய டாக்டர் முதலில் தானே உட்கார்ந்து வாயைத் திறந்தார். "வார்டுக்கு வார்டு ஜாஸ்தி நடக்கிறவன் நான்தான். என்னிடமிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். அவரிடம் ஒன்றுமில்லை. எட்டாவதாக நின்ற ஒரு நர்ஸிடம் இருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. பதினைந்து நாள் லீவு கொடுத்துக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். நாலு பேரும் பிழைத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி என் விரல்களை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சவுரியம்மாள்


(தபால் கார்டு)

சென்னை, 20-10-27

தம்பிக்கு,

சுகம். கடிதம் இல்லை. அம்மா சுகமா? எண்ணிக்கை இல்லாத கடிதமும், பிறகு கடிதமே இல்லாத ஆறு வாரமும் உன் வழக்கம் அல்ல. கறை எத்தனை? எண் மட்டும் போதும்.

சவு.


ஆம்பூர்
1927 நவம்பர் 6, ஞாயிறு, மாலை 4 மணி 30 நிமிஷம்.
வேலு போன மறுவாரம் ஒரு நாள் எண்ணியது 14. அதன் பின் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் எண்ணியது 19, 16, 16, 21.

அக்கா,

அம்மா சுகம். நான் சுகமில்லை, ஆனால் அது உடம்பில் இல்லை.

கறை நிற்கவில்லை. நிற்காததை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. சாயபுவிடம் "மழைக்காலம், கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லி வைத்திருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் நம்பினார். நான் சொல்வதைத் தப்பென்று சொல்ல இங்கே ஆள் ஏது?

உன் டாக்டர் கதை எனக்குக் கோபம் மூட்டிற்று. சரி, என்னையே சோதித்து முடித்துவிட்டு உனக்கு ஒரு சுடச்சுடப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என் மேல் இருக்கிற ஒவ்வொரு பொருளாக. கடிகாரச் சங்கிலி, வெள்ளி. பேனா. சாவிக்கொத்து இரும்புதான், ஆனால் பையை விட்டு வெளியே வருவதில்லை. கடைசியில் பூட்ஸ். சும்மா ஒரு முறைக்காகத்தான். தேயாமல் இருக்கக் குதிகாலில் இரண்டு லாடம் அடித்திருக்கிறேன், மாட்டுக்கு அடிக்கிற மாதிரி சின்ன வளைவு. நேற்று பூங்காவனம் தளத்தைக் கழுவினதும் வழக்கம்போல் மூலைக்கு மூலை நடந்தேன். பிறகு நடந்த இடத்தில் ஈர ஒற்றுக்காகிதம் போட்டு, எடுத்து, பிரசியேட் தெளித்தேன்.

நீலம். அரை வளையம். இன்னொரு அரை வளையம். காகிதம் பூராவும் நான் நடந்து போயிருந்தேன்.

கல்லில் லாடம் தேய்ந்து ஒட்டிய பொடி கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் ஈரத்தோலை விரித்தால் போதும். சுத்தமா என்று பார்க்கப் போனதால் வந்த அசுத்தம். நான் படுத்திருந்த மூன்று நாளும் யாரும் தளத்தைச் 'சோதிக்கவில்லை', அதனால் 0, 0, 0. அக்கா, அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நிஜமாக. விடை கிடைத்துவிட்டதென்று காகிதத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன். வேலு ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

பூங்காவனம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும். கழுவற கல்லுல கோடு தெரியாமலா போவும்? கூடக் கழுவற முனியம்மாவுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீங்க? 'எவன் செஞ்சான்'னு கேட்டீங்க. 'நீங்கதான்'னு சொல்ல எங்களுக்கு இன்னா பைத்தியமா? என் வூட்டுக்காரரு அடிப்பக்கம் பாருன்னாரு. அதுக்கே ஆலங்காயத்துல எங்கம்மா வூட்ல விறகு வெட்டிக்கிட்டு கெடக்குறாரு."

தண்ணீரை என் பூட்ஸ் மேலேயே ஊற்றிவிட்டுப் போனாள். தெரியாமல் ஊற்றியது இல்லை.

இப்போது என் நிலைமையைக் கேள். லாடத்தைப் பிடுங்கி எறிந்தால் நாளையே கறை நின்றுவிடும். வேலு போனதால் நின்றது, கொஞ்சம் தாமதமாக நின்றது என்று ஆம்பூரே சொல்லும். பூங்காவனம் பேச்சை யார் கேட்பார்கள்? பட்டணத்துக் கம்பெனியோ, சாயபு கையால் ஒரு நற்சான்று கேட்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவர் எழுதுவாரா? பட்டணமும் போய், மேல்விஷாரமும் போய், இந்த நாற்காலியும் போய்விடும். சொல்லாவிட்டால் மூன்றில் எது வேண்டுமோ அது.

நாலாவது கேள்வி: சொல்லித்தான் ஆக வேண்டுமா?

கனகராஜ்


சேசு மரி சூசை துணை

சென்னை, 17-11-27

என் தம்பிக்கு,

உன் நாலாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. மூன்றாவதற்குத் தெரியும். அதைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

விரிஞ்சிபுரத்தில் மூன்றாவது வருஷம், பங்குனி மாசம், என் வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. சின்னதுதான். கார்பாலிக் சோப்பில் கழுவினேன், துணி சுற்றினேன். அந்த வாரம் இரண்டு பிரசவம். என்னைவிட்டால் ஆள் இல்லை, போனேன். இரண்டும் சுகப்பிரசவம். ஊரே என்னைப் புகழ்ந்தது. மூன்றாம் நாள் தாயாரம்மாளுக்கு ஜுரம் கண்டது. அடுத்த நாள் ரங்கம்மாளுக்கு. பத்து நாளில் இரண்டு பேரும் போய்விட்டார்கள். தாயாரம்மாளுக்குப் பத்தொன்பது வயசு.

மூன்றாவது வீட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உடம்பு சரியில்லையென்று பொய் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஊர்க் கிழவி ஒருத்தி பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் போகாத வீட்டில் யாரும் சாகவில்லை, கனகு. அதனால்தான் உன்னை அந்த மூன்று நாளைப் பற்றிக் கேட்டேன்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மன் குற்றம் என்றார்கள். ரங்கம்மாளின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இன்னாம்மா பண்ணுவ, எங்க தலையெழுத்து" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அந்தக் கையைத்தான் பிடித்தாள். கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பட்டணத்துக்கு மனுப் போட்டேன். ஊர் கூடிக் குடியாத்தம் புடவை ஒன்று நெய்வித்துக் கொடுத்து ஸ்டேஷன் வரை வந்தது. அந்தப் புடவை இன்னும் மடிப்புப் பிரியாமல் என் பெட்டியடியில் இருக்கிறது.

பெரிய இடத்தில் நான் வளர்ந்தேனா என்று தெரியாது. தினம் காலையில் என் விரலைத் திருப்பிப் பார்க்க ஒருத்தி இருக்கிறாள். அதற்காக வந்தேன். ஆனால் சொல்லாமல் வந்தேன். ஆகையால் நாலு வருஷமாக இங்கேயும் பாதி ஆளாகத்தான் இருக்கிறேன்.

நீ என்ன செய்தாலும் என் தம்பிதான். கொஞ்சமாவது தூங்கு.

சவுரியம்மாள்


ஆம்பூர்
1927 நவம்பர் 20, ஞாயிறு, காலை 5 மணி 40 நிமிஷம்.
உன் கடிதத்தைப் படித்தது 4 தடவை.

அக்கா,

அம்மா சுகம். படித்துக் காட்டவில்லை.

நாலு மாசமாக உன்னை அதட்டி அதட்டிக் கேட்டேன். மன்னித்துக்கொள்.

சாயபு நற்சான்றை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டார். 'இந்த ஜில்லாவில் இவருக்கு நிகர் இல்லை' என்று இங்கிலீஷில். என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. உண்மைதான், நிகர் இல்லை, அதுதான் வியாதி. நிகராக ஒருத்தன் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் நாளே "பூட்ஸைக் கழட்டுடா மடையா" என்று சொல்லியிருப்பான். இங்கே அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். சொல்ல விடாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி செய்யப்போவது:

1. இன்று ஆறு மணிக்கு, தளம் கழுவினதும், வேலையாட்கள் எல்லோர் முன்னாலும் சாயபுவிடம் ஒற்றுக்காகிதத்தைக் காட்டிச் சொல்வது. வெறுங்காலோடு.

2. நற்சான்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது. கேட்டபின் மறுபடி எழுதினால் சரி, கிழித்தாலும் சரி.

3. பத்து மணிக்கு ஆலங்காயத்துக்கு வண்டி. வேலுவிடம் மன்னிப்புக் கேட்பது. காப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குக் கூப்பிடுவது. திட்டினால் முழுசாகக் கேட்டுக்கொள்வது.

4. கம்பெனிக்கு நானே நடந்ததை எண்ணிக்கையோடு எழுதுவது. அதற்குப் பிறகும் ஒன்பதாவது இடம் கொடுத்தால் போவது. இல்லையென்றால் குழாய் கழுவும் இடம் உண்டா என்று கேட்பது.

5. லாடம் இரண்டையும் பிடுங்கி ஒன்றைப் பூங்காவனத்திடம் கொடுப்பது. ஒன்றை என் மேஜை எங்கே இருக்கிறதோ அங்கே வைப்பது.

6. டிசம்பர் கடைசியில், நீ சரி என்றால் மட்டும், விரிஞ்சிபுரம், ரங்கம்மாள் மாமியார் வீடு. பெட்டியடியில் இருப்பதை எடுத்துக்கொள். நீ முன்னால் நட. நான் பூட்ஸ் இல்லாமல் பின்னால் வருகிறேன்.